மேகம் கடந்து போகும் நிலம்: அமராவதிக் கரையும் அகத்திணையும் திரையும்

ஆனி பிறந்தால் தாராபுரத்தில் மேகாத்து எழும்பிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் விட்டிருக்கும் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று கொங்குச் சமவெளிக்குள் பாய்கிறது. அதே நாட்களில் வால்பாறையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும். ஆனைமலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவுப் பகுதியில் கிடக்கும் தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் காடுகளுக்குக் காற்று மட்டுமே வந்து சேரும். கருமேகங்கள் நாள் முழுக்கக் கிழக்கு நோக்கி ஓடும். தரையில் புழுதி பறக்கும். இந்த ஊர்களுக்கு நம்பக்கூடிய மழை புரட்டாசிக்குப் பிறகு, வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வரும். ஆடி மேகம் இங்கே இறங்காது என்பது பண்ணையம் பார்க்கிற எவருக்கும் தெரியும். தெரிந்தும் அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

வானம் தன் போக்கில் போகிறது. மனம் அதன் பின்னாலேயே ஓடுகிறது. கவிதையிலும் திரையிலும் இயற்கைக்கும் உள்ளத்துக்கும் உள்ள உறவை ஆராய இதைவிடப் பொருத்தமான நிலம் அமைவது அரிது. அந்த உறவைப் பற்றிப் பேசும்போது பொதுவாக ஒரு சமன்பாட்டிலேயே நின்றுவிடுகிறோம்: மகிழ்ச்சி என்றால் பூ மலரும், துயரம் என்றால் மழை பெய்யும், கோபம் என்றால் இடி இடிக்கும். தமிழின் அகத்திணை மரபை ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இயற்கை மனத்துக்குப் பணிந்து நடக்காத இடத்தில்தான் சிறந்த அகப்பாடல்கள் பிறந்திருக்கின்றன. நல்ல திரைப்படங்களும் அங்கேதான் பிறக்கின்றன. அமராவதிக் கரையை மையமாக வைத்து இக்கருத்தை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

ஓர் ஆறு, நான்கு திணை

ஆனைமலைத் தொடரில் பிறந்து, உடுமலைப்பேட்டைப் பகுதியைக் கடந்து, தாராபுரம் வழியாகக் கரூருக்குப் போய்த் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது அமராவதி. சங்க நூல்கள் இதை ஆன்பொருநை என்கின்றன. இந்த ஆற்றின் தடத்தில் கடல் சார்ந்த நெய்தல் தவிர மற்ற நான்கு திணைகளையும் காணலாம். தலைமடையில் யானையும் மூங்கிலும் உள்ள குறிஞ்சி. அலங்கியம், தாராபுரம் பகுதிகளில் பழைய வாய்க்கால்கள் நெல் விளைத்த ஒடுக்கமான மருதம். வாய்க்கால் எட்டாத மேட்டில் கம்பும் சோளமும் கொள்ளும் மானாவாரியாக விளையும் காடுகள். இந்தக் காடுகளை எந்தத் திணையில் சேர்ப்பது என்பதில்தான் நம் கேள்வியின் முடிச்சு இருக்கிறது.

தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் வாழும் விலங்கு, பறவை, மரம், உணவு, பறை, தொழில் போன்றவை கருப்பொருள். புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்ற ஒழுக்கங்கள் உரிப்பொருள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்குக்கும் தனித்தனி நிலம் உண்டு. பாலைக்கு மட்டும் தொல்காப்பியர் தனி நிலம் சொல்லவில்லை. நண்பகலையும் வேனிலையும் அதன் பொழுதுகளாகக் குறிப்பிட்டு, நடுவுநிலைத் திணை என்கிறார். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை இதற்கு விளக்கம் தருகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் துயர் தரும் கோலம் கொள்வதே பாலை.

இதைக் கொங்கில் கண்ணால் பார்க்கலாம். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காடு ஒன்றைச் சித்திரை நண்பகலில் பாருங்கள். வேலி முழுவதும் இலை உதிர்ந்து, முள்ளும் குச்சியுமாகச் சாம்பல் நிறத்தில் நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல் நின்ற நிலையிலேயே காய்ந்து வைக்கோல் நிறமாகியிருக்கும். வெள்வேல மரத்தடியில் உதிர்ந்த காய்களைச் செம்மறிகள் பொறுக்கும். காங்கயம் மாடு ஒன்று, மரத்தின் நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து நிற்கும். அதே கொறங்காட்டுக்கு ஐப்பசியில் இரண்டு நல்ல மழை கிடைக்கட்டும். சில நாட்களில் கிளுவை துளிர்த்து வேலி பச்சை கட்டிவிடும். புல் தூர் வெடித்து எழும். காலையில் உள்ளே விட்ட கன்றுகளைப் பொழுது சாயும்போதுதான் தேடிப் போவார்கள்.

சித்திரையில் பாலை, ஐப்பசியில் முல்லை. வேலியும் மண்ணும் மாறவில்லை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், வருவார் என்ற உறுதியோடு காத்திருத்தல். பாலையின் உரிப்பொருள் பிரிதல். ஒரே நிலம் பருவத்தால் முல்லையாகவும் பாலையாகவும் மாறுவதுபோல, ஒரே உறவு காலத்தால் நம்பிக்கையாகவும் பிரிவாகவும் மாறுகிறது. திணைக் கோட்பாட்டை வகுத்தவர்கள் இந்த உண்மையை மேட்டுக்காட்டில் ஆடு மாடு மேய்த்த மக்களின் வாழ்விலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்று நினைக்க நிறையவே இடமிருக்கிறது.

பாலை பாடிய அரசன்

பாலையைப் பாடியவர்களில் தலைசிறந்தவர் இந்த ஆற்றோடு தொடர்புடையவர். சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோ என்று நூல்கள் குறிக்கும் அந்த அரசரின் வஞ்சி நகரைப் பொருநை ஆற்றோடு சேர்த்துப் புறநானூற்றில் பாடுகிறார் பேய்மகள் இளவெயினி. அந்த வஞ்சி கரூரே என்பது அறிஞர் பலரின் முடிவு. கொடுங்கல்லூர்ப் பக்கம் என்று கருதுவோரும் உண்டு. கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில், மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர்களுக்கு நடுவே பெருங்கடுங்கோன் என்ற பெயர் நிற்கிறது. கவிஞரும் அவரும் ஒருவரே என்று கொள்ளும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கலித்தொகையின் பாலைக்கலி 35 பாடல்களும் அவர் பாடியவை என்பது மரபு.

பாலைக்கலியில் ஒரு பாடல். பொருள் தேடப் பிரிந்த தலைவன் திரும்புவான் என்று தலைவி தோழிக்குச் சொல்கிறாள். அதற்கு அவள் காட்டும் சான்றுகள், போகும் வழியைப் பற்றி அவனே முன்பு சொன்ன செய்திகள். யானைக் கன்று கலக்கிவிட்ட கொஞ்சநஞ்ச நீரைப் பெண் யானைக்கு ஊட்டிவிட்டுப் பிறகே ஆண் யானை குடிக்கும். வெயிலில் தளர்ந்த பேடைக்குத் தன் மெல்லிய சிறகால் விசிறும் ஆண் புறா. ஒதுங்க ஒரு மரமும் இல்லாத இடத்தில், வாடி நிற்கும் பெண் மானுக்குத் தன் உடலின் நிழலையே கொடுத்து நிற்கும் ஆண் மான்.

இந்த மூன்று காட்சிகளும் எப்படி இயங்குகின்றன என்று பார்க்க வேண்டும். அந்தப் பாலை அவளுடைய துயரத்தைப் பிரதிபலிக்கவில்லை. அங்கே நீர் இல்லை, நிழல் இல்லை, மலைமேல் மூங்கிலும் வாடுகிறது. இவை அவள் மனநிலைக்காக நேர்ந்தவை அல்ல. கோடையில் அந்த வழி அப்படித்தான் இருக்கும். அந்த வறட்சிதான் அன்பைக் கண்ணுக்குத் தெரியும் செயலாக்குகிறது. நீர் நிறைந்த குளத்தில் யானை தன் துணைக்கு முதலில் ஊட்டினால் அதில் கவனிக்க ஒன்றுமில்லை. இருப்பதே ஒரு வாய் நீர் என்னும்போதுதான் அது செய்தியாகிறது. இவற்றைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவன் தன் துணையை மறக்க மாட்டான் என்று அவள் நம்புகிறாள். அவனைப் பிரித்துக் கொண்டுபோகும் அதே வழி அவனைத் திருப்பி அனுப்பவும் செய்யும்.

குறுந்தொகையில் இவரே பாடிய இன்னொரு பாடலில் பெண் யானையின் பசி தீர்க்க ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரிக்கிறது. மற்றொன்றில், கள்ளிக் காட்டில் துணையை அழைக்கும் பல்லியின் குரல், கள்வர்கள் அம்பு முனையை நகத்தில் உரசிப் பார்க்கும் ஓசையைப் போலிருக்கிறது. காதலின் அழைப்பும் கொலையின் ஆயத்தமும் ஒரே ஒலியாகிவிடுகின்றன. அன்பும் ஆபத்தும் ஒரே வழியில் இருப்பதைக் காதால் கேட்க வைக்கிறார் கவிஞர். இன்று ஒலிப்பதிவு செய்கிற திரைக் கலைஞர் ஒருவர் செய்ய ஆசைப்படக்கூடிய வேலை இது.

மனத்தோடு முரண்படும் பருவம்

ஐரோப்பிய விமர்சனம் இந்தச் சிக்கலை வேறு வழியில் சந்தித்தது. மனிதர் தம் உணர்ச்சியை இயற்கையின் மேல் ஏற்றி, அலை அழுகிறது, பூ சிரிக்கிறது என்று எழுதும் பழக்கத்தைப் பொய்த்தோற்றம் என்று 1856இல் குறை கூறினார் ஜான் ரஸ்கின். உணர்ச்சியை நேரே சொல்லாமல் அதை எழுப்பக்கூடிய பொருள்களையும் சூழலையும் நிகழ்வுகளையும் அமைக்க வேண்டும் என்று 1919இல் ஹாம்லெட் பற்றிய கட்டுரையில் வாதிட்டார் டி. எஸ். எலியட். சங்கப் பாடல்களை ஏ. கே. ராமானுஜன் 1967இல் ஆங்கிலத்தில் தந்தபோது, மேலைநாடு தேடிக்கொண்டிருந்த ஒரு வழிமுறை தமிழில் இலக்கணமாகவே வகுக்கப்பட்டிருந்தது உலக வாசகருக்குத் தெரியவந்தது.

தமிழ் மரபு எலியட்டின் கருத்தையும் தாண்டிச் செல்லும் இடம் ஒன்று உண்டு. அகப்பாடலில் இயற்கையும் மனமும் கருத்து வேறுபடலாம். குறுந்தொகையில் ஓதலாந்தையார் பாடிய பாடலில் கார்காலம் வந்துவிட்டது; கொன்றை பூத்துக் கிடக்கிறது. அந்தப் பருவத்தில் திரும்புவதாகச் சொன்னவன் வரவில்லை. கானமே கார் என்று காட்டினாலும் நான் நம்பமாட்டேன், ஏனென்றால் அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள் தலைவி. கோவர்த்தனார் பாடலில் தோழி இன்னொரு வழி காண்கிறாள். பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்ட இந்தக் கொன்றைகள் அறியாமை கொண்டவை என்று மரங்களைக் குறை கூறித் தலைவியைத் தேற்றுகிறாள்.

கண் முன்னால் பூத்திருக்கும் மரத்தை மறுக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே அவர்கள் மனத்தின் நிலை நமக்குப் புரிந்துவிடுகிறது. பூவும் அவளோடு சேர்ந்து வாடியிருந்தால் இந்த வலி கிடைத்திருக்காது. உலகம் செழிக்கும்போது தான் மட்டும் காத்திருப்பதுதான் காத்திருப்பின் முழுச் சுமை. மழை வரும் என்று சொன்ன வானத்தை நம்பி விதைத்துவிட்டு நிற்கும் மானாவாரி உழவருக்கு இந்தத் தலைவியைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் தேவைப்பட மாட்டார்.

கீரனூர்க்காரர் கண்ட நிலம்

இந்த நிலத்தின் மனத்தை உரைநடைக்குக் கொண்டுவந்தவர் தாராபுரம் வட்டாரத்துக் கீரனூரில் 1917இல் பிறந்த ஆர். சண்முகசுந்தரம். 1942இல் வெளிவந்த அவரது 'நாகம்மாள்' தமிழ் வட்டார நாவலின் முன்னோடியாக மதிக்கப்படுகிறது. கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் குடும்பத்தோடு வாழ்கிறாள். தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடு என்று அவள் கேட்கத் தொடங்குவதிலிருந்து கதை சூடேறி, கொலையில் முடிகிறது.

அகத்திணை மரபில் வைத்துப் பார்த்தால் இந்நாவலில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. சங்கப் பாடலில் நிலம் முதற்பொருள். அதன்மேல் நின்று மனிதர் இன்னொரு மனிதருக்காக ஏங்குகிறார்கள். 'நாகம்மா'ளில் ஏக்கமே நிலத்தின் மேல்தான். இருத்தலும் ஊடலும் பிரிதலும் காட்டைச் சுற்றி நடக்கின்றன. வரப்பு, கிணறு, ஏர் எல்லாம் அவள் மனத்துக்கு உவமையாக வரவில்லை; அவள் மனம் அவற்றாலேயே ஆகியிருக்கிறது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாத பெண்ணுக்கு இயற்கை அழகுப் பொருளாக இருக்க முடியாது, அது உரிமை என்பதை இந்நாவல் உணர்த்துகிறது. இயற்கையும் உணர்வும் பற்றிப் பேசுவோர் அடிக்கடி விட்டுவிடும் பக்கம் இது. யாருடைய நிலம், யார் அதில் உழைப்பவர், யாருக்கு அதில் கால் வைக்க உரிமையில்லை என்ற கேள்விகள் இல்லாமல் நிலவெளியைப் பேசுவது பாதிப் பேச்சு.

பின்னால் வந்த பெருமாள்முருகன் இதே கேள்விகளைத் திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காடுகளில் இன்னும் கூர்மையாகக் கேட்டார். குடியிருப்புக்காக நிலத்தை இழந்த குடும்பத்தை 1991இல் 'ஏறுவெயில்' காட்டியது. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகம் 'கூளமாதாரி' ஆனது. அந்தச் சிறுவர்களுக்குக் காடு விளையாட்டும் விடுதலையும் தருகிறது. ஓர் ஆடு காணாமல் போனால் அதே காடு அச்சமாகவும் அடியாகவும் மாறிவிடுகிறது. ஈரமான பக்கத்துக் கொங்கிலிருந்து சிற்பி பாலசுப்பிரமணியம், ஆனைமலை அடிவாரத்து ஆத்துப்பொள்ளாச்சியின் நினைவுகளை 'ஒரு கிராமத்து நதி'யாக்கி 2002ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஒரே வட்டாரத்தில் ஆறு ஓடும் பக்கத்தின் மனமும் ஆறு எட்டாத பக்கத்தின் மனமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை இவர்களைச் சேர்த்துப் படித்தால் உணரலாம்.

சண்முகசுந்தரத்தின் மற்றொரு பணி நம்மைத் திரைப்படத்துக்கு அழைத்துச் செல்கிறது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குத் தந்தவர் அவர்தான். மழைக்கு ஏங்கும் மேட்டிலிருந்து வந்த எழுத்தாளர், மழையிலேயே ஊறிய வங்கக் கிராமத்தைத் தமிழில் எழுதினார். சத்யஜித் ராய் 1955இல் அக்கதையைப் படமாக்கியபோது முதல் மழையில் நனைந்து ஆடும் துர்காவைக் காட்டினார். அந்த மழைதான் அவளைக் காய்ச்சலில் தள்ளுகிறது. பெண்ணின் பேரானந்தமும் அவள் சாவும் ஒரே மழையிலிருந்து வருகின்றன. பெருங்கடுங்கோவின் பல்லி ஒலியில் கண்ட அதே இரட்டைத் தன்மை இது.

படத்தின் இறுதிப் பகுதியில், அக்கா இறந்தபின் வீட்டைக் காலி செய்யும்போது, அவள் திருடவில்லை என்று மறுத்த பாசிமணி மாலை தம்பி அப்புவின் கையில் அகப்படுகிறது. அவன் ஓடிப்போய் அதைக் குளத்தில் எறிகிறான். நீரை மூடியிருந்த பாசிப் படலம் விலகி, மாலையை வாங்கிக்கொண்டு, மெல்ல மறுபடி மூடிக்கொள்கிறது. அப்பு அழுவதைக் காட்ட வேண்டிய தேவையே ராய்க்கு இல்லை. குளம் எந்தக் குளத்திலும் நடப்பதைத்தான் செய்தது. தம்பி அக்காவின் மானத்தைக் காத்துவிட்டான் என்பதை நாம் அந்தப் பாசியில் படிக்கிறோம். இயற்கைக் காட்சிக்குள் மனப்பொருளைப் பொதிந்து வைக்கும் உள்ளுறை என்று தமிழ் இலக்கணம் சொன்னதற்குத் திரையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேடுவது கடினம்.

இரண்டு பூக்களும் ஒரு வாளை மீனும்

உள்ளுறை தமிழ்த் திரையில் என்ன ஆனது? நெடுங்காலம் அது ஒரு சைகையாகச் சுருங்கிப்போனது. காதலர் நெருங்கும்போது இரண்டு பூக்கள் உரசிக்கொள்ளும். பிரியும்போது அலை பாறையில் மோதும். தணிக்கைக்கும் கூச்சத்துக்கும் நடுவே பிறந்த இந்த வழக்கத்துக்குச் சங்க மரபின் சாயல் உண்டு என்று சிலர் சொல்லக்கூடும். ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகைப் பாடலோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளியும். வயலோரத்து மாமரத்தில் பழுத்து உதிரும் பழத்தைக் குளத்து வாளை மீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் தலைவன். முயற்சியே இல்லாமல் வாய்க்கு வந்து விழும் இன்பம் என்ற குறிப்பு உள்ளே இருக்கிறது. அதே நேரத்தில் அங்கே உண்மையாகவே ஒரு மரம் இருக்கிறது, ஒரு வயல் இருக்கிறது, வளம் மிகுந்த மருதத்தின் பொருளாதாரம் இருக்கிறது. குறிப்பை எடுத்துவிட்டாலும் காட்சி உயிரோடு நிற்கும். திரையில் உரசிய பூக்களுக்கு ஊர் கிடையாது, பருவம் கிடையாது. குறிப்பை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்ச எதுவுமில்லை.

திரைப்படத்தில் நிலக்காட்சி செய்யக்கூடிய வேலையை ஆழமாகச் சிந்தித்தவர் செர்கேய் ஐசென்ஸ்டைன். கதை நகர்த்தும் பொறுப்பு மிகக் குறைவாக உள்ள உறுப்பு நிலக்காட்சி என்பதாலேயே, உணர்ச்சியைச் சுமக்கும் சுதந்திரம் அதற்கு அதிகம் என்று அவர் கருதினார். 'பொட்டெம்கின்' படத்தில் (1925) கொல்லப்பட்ட மாலுமிக்கு ஊர் திரண்டு அழுவதற்கு முன்னால், ஒடெஸாத் துறைமுகம் மூடுபனியில் கிடப்பதை நிதானமாகக் காட்டுகிறார். அந்தப் பனி தற்செயலாக வாய்த்தது. மற்றவர்கள் வேலையை நிறுத்திவிடக்கூடிய ஒரு நாளில் படகில் போய் எடுத்தது. வந்த பருவத்தை வந்தபடி ஏற்று அதற்குள் துயரத்தைக் கண்டெடுத்தார்கள்.

1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வெளிவந்தபின் தமிழ்ப் படம் ஸ்டூடியோவின் வரைந்த வானத்தை விட்டு வெளியேறத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து மகேந்திரன் 'உதிரிப்பூக்க'ளைக் கொங்கில், மேட்டுப்பாளையம் பக்கத்து ஆற்றங்கரை ஊரில் எடுத்தார். ஒளிப்பதிவு அசோக்குமார், இசை இளையராஜா. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து தொடங்கி வேறெங்கோ போய்ச் சேர்ந்த கதை அது. மனைவியையும் சுற்றியிருப்போரையும் வதைத்த சுந்தரவடிவேலுவை முடிவில் ஊரார் ஆற்றுக்குக் கொண்டுவருகிறார்கள். தான் செய்த தீமைகளிலேயே பெரியது, உங்களையும் என்னைப்போல் ஆக்கியதுதான் என்ற பொருள்படப் பேசிவிட்டு அவன் நீருக்குள் நடக்கிறான். பிள்ளைகள் கரையில் ஓடி வருகிறார்கள்.

அந்தக் காட்சியில் ஆறு பொங்கவில்லை, வானம் இருளவில்லை. படம் முழுக்க மக்கள் குளிக்கவும் கடக்கவும் பழகிய அதே நீர், அன்றாட வெளிச்சத்தில் ஒரு மனிதனை வாங்கிக்கொள்கிறது. புயல் அடித்திருந்தால் இயற்கையே தண்டித்தது என்று நாம் ஆறுதல் அடைந்திருப்போம். ஆறு அமைதியாக இருப்பதால், இதைச் செய்தவர்கள் மனிதர்கள் என்ற உண்மையிலிருந்து நம்மால் கண்ணைத் திருப்ப முடிவதில்லை. கொன்றையை நம்ப மறுத்த தலைவியின் பாடலில் இயங்கிய அதே விதி இங்கும் இயங்குகிறது. இயற்கை தன் போக்கில் நிற்கிறது; மனித மனம் அதன் எதிரே தனியாக வெளிப்படுகிறது.

நண்பகலும் வேனிலும் நடக்கும் சிறுவனும்

இந்த நூற்றாண்டில் பாலைத் திணையை முழுமையாகத் திரையில் கண்ட படம் பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவரக் குடிகாரக் கணவன் மகனோடு போகிறான். திரும்பும்போது இருவரும் கொதிக்கும் வெயிலில் நடந்தே வருகிறார்கள். நண்பகல், வேனில், பிரிவு, வழிநடை. தொல்காப்பியர் பட்டியலிட்ட பாலையின் உறுப்புகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. தலைவனும் தலைவியும் இருந்த இடத்தில் இப்போது சினம் கொண்ட தகப்பனும் பேசாத மகனும்.

தாகம் தெரியாமலிருக்கச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து, ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் கற்களோடு வைக்கிறான். இந்தப் பயணம் முதல் தடவை அல்ல என்பது அந்தக் குவியலைப் பார்க்கும்போது தெரிகிறது. அவனுடைய குழந்தைப் பருவத்தின் கணக்கு அங்கே கல்லாகக் கிடக்கிறது. கருப்பொருள் ஒன்றை எடுத்து அதில் உரிப்பொருளை வைப்பது என்றால் இதுதான். படம் முடியும்போது, பெண்கள் குழியில் மெல்ல மெல்ல ஊறும் நீரை அகப்பையளவாக மொண்டு குடத்தை நிரப்பப் பொறுமையோடு காத்திருக்கிறார்கள். ஆணின் சினத்துக்கு ஈடாகப் பெண்ணின் பொறுமையை வசனம் எதுவும் இல்லாமல் நீர் ஊறும் வேகத்தில் அளந்து காட்டுகிறது படம். சின்ன நீரைத் துணைக்கு ஊட்டிய பாலைக்கலியின் களிறு இந்தத் தகப்பனுக்கு நேர் எதிரே நிற்கிறது. ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே திணை தன்னையே கேள்வி கேட்டுக்கொள்கிறது.

திரையில் விடுபட்ட கொங்கு

கொங்குப் பகுதிக்குத் திரையில் இடம் கிடைக்காமல் இல்லை. பொள்ளாச்சியும் கோபிசெட்டிபாளையமும் தமிழ்ப் படத்தின் கிராமமாகவே பல்லாண்டுகள் இருந்தன. 'சின்னக் கவுண்டர்' (1992), 'நாட்டாமை' (1994) போன்ற படங்களின் வெற்றியோடு கொங்குப் பேச்சும் தமிழகமெங்கும் போய்ச் சேர்ந்தது. அவற்றில் பெரும்பாலும் காட்டப்பட்டது தென்னையும் வாய்க்காலும் பெரிய வீட்டுத் திண்ணையும் உள்ள ஈரமான பாதி. நிலத்தை உடையவரின் பெருமையும் கௌரவமும் அந்தப் பசுமையோடு சேர்ந்தே வந்தன. தாராபுரத்தின் மேட்டுக்காடும், அங்கே பட்டி போட்டு ஆடு வளர்ப்பவரும், கூலிக்கு வந்து போகிறவரும், நாகம்மாளைப் போல் பங்கு கேட்டு நிற்கும் பெண்ணும் பெரிதும் திரைச் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டார்கள். நிலத்தின் பாதியை விட்டால் மனத்தின் பாதியும் விடுபடும்.

அந்த மேடும் இப்போது வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. மேகாத்து வீசும் வழியெங்கும் காற்றாலைகள் நிற்கின்றன. ஒரு தலைமுறை முன்புவரை புழுதியையும் ஏக்கத்தையும் கொண்டுவந்த காற்று இன்று மின்சாரம் தருகிறது. ஆழ்குழாய்க் கிணறு கிடைத்த இடத்தில் தென்னையும் முருங்கையும் ஏறிவிட்டன. கொறங்காடுகள் சில மனையாகவும் சில தரிசாகவும் ஆகின்றன. பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் பேருந்தில் போய்வருகிறார்கள். பொருள்வயின் பிரிவு இன்று காலை ஷிப்டில் தொடங்கி இரவு திரும்புகிறது. இறகு சுழலும் ஓசையைக் கேட்டுக்கொண்டு தூங்குகிற குடும்பத்துக்கு, நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அதே நிலத்தின் ஓரமாக நடக்கிற பெரியவருக்கு, என்ன உரிப்பொருள்? இதை இன்னும் யாரும் போதுமான அளவு பாடவோ படம் பிடிக்கவோ இல்லை.

செய்ய விரும்புகிறவர்களுக்குத் தமிழில் வழிமுறை தயாராக இருக்கிறது. முதல், கரு, உரி மூன்றும் பாட்டில் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்கிறார் தொல்காப்பியர். உரிப்பொருளே உச்சம். ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி முதலும் கருவும்தான். படம் எடுக்கிறவர் எந்த ஊர், எந்த மாதம், எந்த நேரம் என்பதை முதலில் உறுதி செய்யட்டும். அந்த மாதத்தில் அந்த ஊரில் எந்த மரம் இலை விடும், எந்த வேலை நடக்கும், எதற்குத் தட்டுப்பாடு என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். பிறகு கதைமாந்தரை அங்கே நிறுத்தினால், அவர்கள் அழும்போது மழையை வரவழைக்க வேண்டியதில்லை. கவிதைக்கும் இதே நிபந்தனைதான். பார்வையாளரும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: இந்தப் படத்தில் வரும் ஆறும் காற்றும் மரமும் கதைத் தலைவர் இல்லாவிட்டாலும் இருக்குமா? இருக்கும் என்று தோன்றினால், அங்கே காட்டப்படும் மனமும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.